எழுதிக் கொடுத்துவிட்டால் அப்பா இல்லாமல் போய்விடுவாரா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒரே கேள்விதான் பல முகங்களோடு வந்திருக்கிறது. பெற்றவர் என்ற உறவைக் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ள முடியுமா? முடிந்தால் பிள்ளைக்கு எது போகும், எது மிஞ்சும்? அதனால் பட்டா, வாடகைப் பிரச்சினைகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மதுரையில் குடும்ப வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். சில காலம் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராகவும் இருந்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை, ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் இந்துச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கானவை.

கேள்வி: எனக்கு வயது 29. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாலு வயதில் ஒரு மகள். கணவரும் நானும் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து மனு போடப் போகிறோம். "குழந்தைக்கும் எனக்கும் இனி எந்தப் பாத்தியதையும் இல்லை. நானும் உரிமை கொண்டாட மாட்டேன், அவளும் என்னிடம் செலவோ சொத்தோ கேட்கக் கூடாது" என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி கையெழுத்தும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். "ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்து இதை வாங்கிக்கோம்மா, பிற்காலத்தில் தொந்தரவே இருக்காது" என்று பெரியவர்களும் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. அந்தத் தாளுக்காக நீங்கள் விட்டுக்கொடுக்கப் போவது நிஜமான பணம். அதற்குப் பதிலாக உங்கள் கைக்கு வருவது சட்டத்தில் செல்லாத ஒரு காகிதம்.

அண்ணன் தம்பிகள் நிலத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்வதைப் பார்த்துப் பழகிய நம் பெரியவர்கள், பிள்ளைக்கும் அப்படி ஒன்று எழுதலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். நிலம் எழுதுகிறவருக்குச் சொந்தம், அதனால் எழுதலாம். தகப்பனிடமிருந்து சோறும் துணியும் படிப்பும் பெறும் உரிமை உங்கள் மகளுக்குச் சொந்தம். அதை அவரும் விடுவிக்க முடியாது, நீங்களும் விட்டுக்கொடுக்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு, பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நோட்டரி முத்திரை அதைச் செல்லுபடியாக்கிவிடாது. இன்னார் இன்ன தேதியில் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

முதலில் செலவு. 1956-ம் வருடத்து இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவுப்படி, மைனர் பிள்ளையைப் பராமரிக்கும் கடமை தகப்பன், தாய் இருவருக்கும் உண்டு. ஜீவனாம்சம் கேட்டு மனு போடும் வழி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாக இருக்கிறது. அதன்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மகள் சார்பில் மனு போடலாம். நோட்டீஸ் அவருக்குப் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள், முடிந்தவரை, இடைக்காலத் தொகை குறித்து உத்தரவு போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உத்தரவு போட்டும் கட்டவில்லை என்றால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. பாக்கியை ஒரு வருடத்துக்குள் கேட்டு மனு போட்டுவிட வேண்டும், இதைப் பலர் தவற விடுகிறார்கள். மகளுக்கு 18 முடிந்ததும் 144-ன் கதவு சாத்திக்கொண்டாலும், திருமணமாகாத மகளுக்கு 20-வது பிரிவு தொடர்ந்து துணை நிற்கிறது. உச்ச நீதிமன்றம் 2020-ல் அபிலாஷா வழக்கில் இதைத் தெளிவாக்கியது.

அடுத்து, "பிற்காலத்தில் தொந்தரவு இருக்காது" என்ற நம்பிக்கை. நாளைக்கே அவர் மனம் மாறி, மகளைப் பார்க்க வேண்டும், தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனு போட்டால், அந்தத் தாளைக் காட்டி நீதிமன்ற வாசலில் தடுத்து நிறுத்த முடியாது. குழந்தை யாரிடம் இருப்பது நல்லது என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார். தாள் அங்கே ஒரே ஒரு வேலைக்குப் பயன்படும்: இவருக்குக் குழந்தைமேல் எவ்வளவு அக்கறை இருந்தது என்று காட்ட. ஐந்து வயது முடியும்வரை குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956-ம் வருடத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. உங்கள் மகள் உங்களோடு இருப்பதற்கு அவர் தயவும் வேண்டாம், தாளும் வேண்டாம்.

சொத்து விஷயத்தை இன்னும் கவனமாகக் கேளுங்கள். அவர் சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். எழுதாமல் இறந்துபோனால் உங்கள் மகள் முதல் வகுப்பு வாரிசு. அவர் மறுமணம் செய்து இன்னும் பிள்ளைகள் பிறந்தாலும் அவர்களோடு சமமாக நிற்பாள். பிரிவினை ஆகாத பூர்வீகச் சொத்து இருந்தால் பிறந்த அன்றே அவளுக்குப் பங்கு வந்துவிட்டது. 2005 திருத்தத்தையும், அதை உறுதி செய்த 2020-ம் வருடத்து வினீதா சர்மா தீர்ப்பையும் உங்கள் வக்கீல் அறிவார். "கேட்கமாட்டாள்" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது அவளைக் கட்டுப்படுத்தாது, ஆனால் மேஜரான பிறகு அதை உடைக்க அவள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

மனுவில் என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறேன். மாதத் தொகை எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை சதவீதம் உயரும், பள்ளிக் கட்டணம் யார், மருத்துவச் செலவு யார், அவர் எந்தக் கிழமையில் எங்கே குழந்தையைப் பார்ப்பார். வங்கிக் கணக்கு எண்கூட எழுதச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டுக்கு அவர் கையெழுத்து வேண்டுமே என்ற பயத்தில்தான் பல பெண்கள் இப்படித் தாள் வாங்க ஒப்புக்கொள்கிறார்கள். 2016 டிசம்பர் விதிமாற்றத்துக்குப் பிறகு, பெற்றோரில் ஒருவர் பெயரோடு மட்டும் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வழி இருக்கிறது. வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: என் அக்கா மகளுக்கு 20 வயது, திருமணமாகவில்லை. இப்போது ஏழு மாதம். அந்தப் பையன் போன இடம் தெரியவில்லை. எங்களால் குழந்தையை வளர்க்க முடியாது. ஆஸ்பத்திரியில் ஒரு ஆயா, "பிள்ளையில்லாத தம்பதி இருக்காங்க, பிரசவச் செலவையும் பாத்துக்குவாங்க, பர்த் சர்ட்டிபிகேட்டே அவங்க பேர்ல போட்டுடலாம், உங்க பொண்ணு பேர் எங்கேயும் வராது" என்கிறாள். அரசாங்கத்திடம் கொடுத்தால் போலீஸ் கேஸாகும், பேப்பரில் வரும் என்று அக்கா பயப்படுகிறார். எது பாதுகாப்பு?
– சித்தி, தர்மபுரி

பதில்: அம்மா, அந்த ஆயா சொல்வது குழந்தை விற்பனை. சிறார் நீதிச் சட்டம் 2015, 81-வது பிரிவு: குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் அபராதம். மருத்துவமனை ஊழியரே அதைச் செய்தால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஏழு வருடம் வரை. "செலவுக்குத்தான் கொடுத்தோம்" என்பது தப்பிக்கும் வழியல்ல. 2019-ல் ராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை விவகாரம் உங்களுக்கும் நினைவிருக்கும். பேரம் பேசிய ஒரு ஆடியோ வெளியான பிறகு யார் யார் வீட்டுக் கதவெல்லாம் தட்டப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். பொய்ச் சான்றிதழ் உங்கள் பெண்ணை மறைத்து வைக்காது. என்றைக்கு வேண்டுமானாலும் அது வெளியே வரலாம், வரும்போது அவள் குற்றவாளிக் கூண்டில் நிற்பாள். அதோடு, அந்தக் குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதிக்குப் பிள்ளையாகவும் ஆகாது. நாளைக்கு அவர்கள் பங்காளி ஒருவர் எதிர்த்து நின்றால் அதற்கு எந்த வீட்டிலும் உரிமை இல்லாமல் போய்விடும்.

நேர்வழி எப்படி இருக்கும் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். குழந்தை பிறந்த பிறகு தாய் குழந்தையோடு மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் வர வேண்டும். உடல், மன, சமூகக் காரணங்களால் வளர்க்க முடியவில்லை என்றால் ஒப்படைக்கலாம் என்று 35-வது பிரிவு சொல்கிறது. அப்படி ஒப்படைப்பது குற்றமே அல்ல. திருமணமாகாத தாய் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும், அந்தப் பையனைத் தேட வேண்டியதில்லை. முதலில் ஆலோசனை சொல்பவர் தனியாகப் பேசுவார். யாராவது மிரட்டிக் கூட்டிவந்தார்களா, உண்மையிலேயே அவள் விருப்பமா என்று கேட்பார். உங்களை அப்போது வெளியே உட்காரச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். பிறகு ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து.

அதன்பின் இரண்டு மாதம் அவகாசம். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். பிரசவித்த உடம்போடு, பயத்தோடு, அவமானத்தோடு எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள அந்தத் தாய்க்கு அறுபது நாள் தருகிறார்கள். அதற்குள் "என் குழந்தையைக் கொடுங்கள்" என்று அவள் வந்தால், குழு விசாரித்துத் திருப்பித் தரலாம். ஒரு பெண் ஒப்படைத்த அன்று என்னிடம், "குளிப்பாட்டினா காதுல தண்ணி போகாம பாத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். அவள் திரும்பி வரவில்லை. அவளை யாரும் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல நான் விடமாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, குழுவின் மூன்று உறுப்பினர்களாவது கையெழுத்திட்டு, தத்துக்கொடுக்கச் சட்டத் தடையில்லாத குழந்தை என்று அறிவிப்பார்கள். அங்கே உங்கள் பெண்ணின் உரிமை முடிகிறது. பிறகு திரும்பக் கேட்க முடியாது, யார் வளர்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவும் முடியாது. மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் வரிசைப்படி பெற்றோர் தேர்வாவார்கள். 2022 செப்டம்பர் முதல் கோர்ட்டுக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே தத்தெடுப்பு உத்தரவு போடுகிறார். அந்த உத்தரவுத் தேதியிலிருந்து, 63-வது பிரிவுப்படி, குழந்தை எல்லா விதத்திலும் அவர்கள் பிள்ளை. பிறப்புச் சான்றிதழிலும் அவர்கள் பெயர்தான் இருக்கும். உங்கள் பெண்ணுக்குப் பராமரிப்புக் கடமையும் இல்லை, வாரிசு உறவும் இல்லை. அவள் நாளைக்குத் திருமணம் செய்துகொள்ள இதில் எதுவும் குறுக்கே வராது.

பெயர் வெளியே வருமா என்ற அக்காவின் பயத்துக்குப் பதில்: பதிவேடுகள் ரகசியம், வெளியிடுவது குற்றம். ஒரே ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்து தன் வேர் எதுவென்று கேட்டு விண்ணப்பிக்கலாம். பெயர் சொல்ல வேண்டாம் என்று தாய் ஒப்படைக்கும்போதே கேட்டிருந்தால், அவள் சம்மதம் இல்லாமல் அடையாளம் சொல்லமாட்டார்கள். என்ன சூழ்நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்வார்கள். இது நியாயம் என்றே நினைக்கிறேன்.

இரண்டு விஷயம் இன்னும் சொல்ல வேண்டும். உங்கள் பெண்ணுக்கு 20 வயது, அதனால் இது அவளுக்குப் பொருந்தாது. ஆனால் கருத்தரித்தபோது 18 முடியாத பெண் என்றால் போக்சோ சட்டம் வரும், காவல்துறைக்குத் தகவல் சொல்வது கட்டாயம், மறைக்கக் கூடாது. இன்னொன்று, வளர்க்க அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று அவளையே ஒருமுறை கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் எல்லோர் பயமும் இருக்கிறது, அவள் சொன்ன ஒரு வார்த்தை இல்லை. திருமணமாகாத தாயே குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம், தந்தைக்கு நோட்டீஸ்கூட வேண்டாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வறுமைதான் காரணம் என்றால் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதி இருந்தால் மாதம் 4,000 ரூபாய் உதவி கிடைக்கும். 1098-க்குப் போன் செய்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பேசலாம். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் தொட்டில்கள் உங்கள் மாவட்டத்துக்கும் வந்தன. ஆனால் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடுவதைவிடக் குழு முன் வருவது மேல். குழந்தை பிறந்த தேதியும் தாயின் உடல்நிலையும் தெரிந்தால் நாளைக்கு மருத்துவருக்கும் அதுவே உதவும்.

கேள்வி: ஏழு வயது மகன் உள்ள, விவாகரத்தான பெண்ணைத் திருமணம் செய்திருக்கிறேன். பையன் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறான். என் இனிஷியல் போட்டு, சட்டப்படி என் மகனாக்கிக்கொள்ள ஆசை. அவனைப் பெற்றவர் ஐந்து வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. அவர் கையெழுத்து அவசியமா?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் மனசுக்கு முதலில் வணக்கம், தம்பி. கையெழுத்து அவசியம். எட்டிப் பார்க்கவில்லை என்பதால் மட்டும் பெற்றவரின் உரிமை தானாக அற்றுப்போகாது. இந்து தத்தெடுப்புச் சட்டத்தில்கூட, பெற்றோரில் ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொல்லப்பட்டிருக்கும் காரணங்கள் மூன்றுதான்: முற்றும் துறந்து சந்நியாசம் போனவர், மதம் மாறி இந்துவாக இல்லாதவர், மனநலமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தவர். கைவிட்டு ஓடியவர் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாற்றாந்தந்தை தத்தெடுப்பு சிறார் நீதிச் சட்டத்தின் விதிமுறைகளில் தனியாகவே இருக்கிறது. மத்திய ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், பெற்ற தந்தையின் சம்மதக் கடிதம் வேண்டும். ஐந்து வயது தாண்டியதால் பையனின் சம்மதத்தையும் கேட்பார்கள். பையன் யாரிடம் இருப்பது என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தால் அது முடிய வேண்டும்.

இனிஷியல் மாற்றுவது வேறு, தத்தெடுப்பது வேறு. அரசிதழில் பெயர் மாற்றினால் பள்ளி ரெக்கார்டு மாறும், உறவு மாறாது. இன்றைய நிலையில், தத்து எடுக்காமல் நீங்கள் உயிலும் எழுதாமல் கண்ணை மூடினால், வாரிசுச் சான்றிதழில் அந்தப் பையன் பெயர் வராது. மனைவியின் மகன் என்பதற்காக உங்கள் சொத்தில் அவனுக்கு வாரிசுரிமை கிடையாது. தத்து எடுத்தால் எல்லாம் வரும். அதே நாளில் அவனைப் பெற்ற தந்தையிடமிருந்து வரவேண்டிய செலவுத் தொகை நிற்கும், அவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்திலும் இவனுக்குப் பங்கு இருக்காது. ஏற்கெனவே அவன் பெயருக்கு வந்து சேர்ந்த சொத்து மட்டும் அவனோடே இருக்கும். அதனால் பெற்றவர் வழியில் கணிசமான பூர்வீகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னும் ஒன்று. நாளைக்கு உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் ஒத்துவராமல் போனாலும் அவன் உங்கள் மகன்தான். முறையாக நடந்த தத்தைத் திரும்பப் பெற முடியாது. அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

இதைப் படிக்கும் விதவைத் தாய்மாருக்கு ஒரு குறிப்பு. 2022 ஜூலையில் அகெல்லா லலிதா வழக்கில், தந்தை இறந்த பிறகு தாயே இயற்கைக் காப்பாளர், குழந்தைக்கு எந்தக் குடும்பப்பெயர் வைப்பது என்பதை அவர் தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆவணங்களில் இரண்டாவது கணவர் பெயரை "மாற்றாந்தந்தை" என்று காட்டச் சொன்ன உத்தரவைக் கொடுமையானது என்று ரத்து செய்தது. மாமனார் வீட்டார் மிரட்டினால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். என் தங்கை இறந்த பிறகு அவள் மகளைக் கைக்குழந்தையிலிருந்து நாங்கள்தான் வளர்க்கிறோம், இப்போது 15 வயது. அவள் எங்கள் வாரிசா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. எத்தனை வருடம் வளர்த்தாலும் வளர்ப்பு தத்தாகிவிடாது. சிறார் நீதிச் சட்டத்தில் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம், 2014-ல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பெரியம்மா என்பதால் உறவினர் தத்தெடுப்பு வழியில் போகலாம். அவளுடைய தந்தை உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். 18 முடிவதற்குள் செய்யுங்கள். அதுவரை பொறுக்காமல் இன்றே ஒரு உயிலும் எழுதிவையுங்கள்.

கேள்வி: 1994-ல், எனக்கு 12 வயதில், பிள்ளையில்லாத பெரியப்பாவுக்கு என்னைச் சுவீகாரம் கொடுத்தார்கள். பத்திரம் பதிவாகியிருக்கிறது. பெற்ற அப்பா சமீபத்தில் காலமானார். கூடப்பிறந்தவர்கள் வீட்டை விற்கிறார்கள். "நீ அந்த வீட்டுப் பிள்ளை, உனக்கு இங்கே என்ன?" என்கிறார்கள். எனக்குப் பங்கு உண்டா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பெற்ற அப்பாவின் வாரிசு என்ற முறையில் இல்லை. தத்துக் கொடுத்த நாளிலிருந்து பிறந்த வீட்டு உறவு அறுந்து, பெரியப்பா வீட்டோடு கூடியது என்று இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. பெரியப்பா உயில் எழுதாமல் போனால் அவர் சொத்துக்கு நீங்கள் முழு வாரிசு. உயில் எழுதி வேறு யாருக்காவது கொடுப்பதைத் தத்து தடுக்காது.

ஆனால் மூன்று இடத்தில் உற்றுப் பாருங்கள். 1994-க்கு முன்பே தாத்தா உங்கள் பெயருக்கு ஏதாவது செட்டில்மென்ட் எழுதியிருந்தால், பாகப்பிரிவினையில் உங்கள் பங்கு தனியாகப் பிரிந்திருந்தால், அது இன்றும் உங்களுடையது. தத்து அதைப் பறிக்காது. பிரிவினை ஆகாமல் கூட்டாக இருந்த பூர்வீகத்தில் பிறப்பால் வந்த பங்கு என்ன ஆகும் என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. அதுவும் போய்விடும் என்பதே தெலங்கானா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-ல் எடுத்த நிலை. அதனால் விற்பனைக்கு வரும் வீடு பூர்வீகமா, அப்பா சம்பாத்தியமா என்று வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் எடுத்துப் பார்த்த பிறகே வழக்கைப் பற்றி யோசியுங்கள்.

மூன்றாவது, அந்தச் சுவீகாரமே சட்டப்படி நடந்ததா? அப்போது பெரியப்பாவுக்கு மகனோ, மகன் வழிப் பேரனோ இருந்ததா, பெரியம்மா சம்மதித்தாரா, உங்களைக் கொடுத்து வாங்கியது உண்மையிலேயே நடந்ததா? பதிவுப் பத்திரம் இருப்பதால் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். மறுக்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். தத்து செல்லாது என்று தீர்ப்பானால் பெரியப்பா வீட்டில் உங்களுக்கு எதுவும் இல்லை, பிறந்த வீட்டு உரிமை அப்படியே இருக்கும். எது லாபம் என்று கணக்குப் பார்த்து வளர்த்தவர்களை மறுக்கக் கிளம்பாதீர்கள் என்று மட்டும் ஒரு அக்காவாகச் சொல்கிறேன். சட்டம் ஒரு பந்தத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது: பிறந்த வீட்டில் யாரைத் திருமணம் செய்யக்கூடாதோ, தத்துப் போன பிறகும் அவர்களைச் செய்யக்கூடாது.

கேள்வி: வேறு சாதிப் பெண்ணைத் திருமணம் செய்ததற்காக, "இவனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தலைமுழுகிவிட்டேன்" என்று என் கணவர் நாளிதழில் மகன் போட்டோவோடு அறிவிப்பு கொடுத்துவிட்டார். இனி அவன் எங்கள் மகன் இல்லையா?
– ஒரு தாய், தேனி

பதில்: அவன் உங்கள் மகன்தான், அம்மா. அந்த விளம்பரத்தால் சட்டத்தில் ஒரு துரும்பும் அசையாது. மேஜர் மகனின் கடனுக்குப் பெற்றவர் எப்படியும் பொறுப்பில்லை, அதற்காக விளம்பரம் தேவையே இல்லை. சுயசம்பாத்தியத்தை அவனுக்குத் தராமல் உங்கள் கணவர் உயில் எழுதலாம். பூர்வீகப் பங்கைத் தொட முடியாது. சாதி மாறித் திருமணம் செய்ததால் எந்த வாரிசுரிமையும் போகாது. உங்கள் பெயரில் நகையோ நிலமோ இருந்தால் அது முழுக்க உங்கள் இஷ்டம். சாதிக்காகப் பிள்ளையின் முகத்தைப் பேப்பரில் போட்டு அவமானப்படுத்துவதை இத்தனை சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோமே என்று எனக்குக் கோபம் வருகிறது. மகனும் மருமகளும் மிரட்டலுக்கு ஆளானால் எஸ்.பி. அலுவலகத்தில் பாதுகாப்பு கேட்டு மனு கொடுக்கச் சொல்லுங்கள். சாதி மறுப்புத் தம்பதிகளைக் காவல்துறை பாதுகாக்க வேண்டும் என்று 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

கேள்வி: எனக்கு மூன்று வயதில் எங்களை விட்டுப் போன அப்பா, இப்போது 68 வயதில் என்னிடம் பராமரிப்பு கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறார். அம்மா இட்லிக் கடை போட்டு என்னைப் படிக்கவைத்தார். அவருக்கு வேறு குடும்பத்தில் இரண்டு மகன்கள் உண்டு. நான் கொடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. முதல் கேள்விக்குச் சொன்னதன் மறுபக்கம் இது. அவர் போனதால் உங்கள் உரிமை அற்றுப்போகவில்லை, அதேபோல் உங்கள் கடமையும் தானாக அற்றுப்போகவில்லை. 2007-ம் வருடத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், கைவிட்ட தகப்பனுக்குக் கிடையாது என்று ஒரு வரி எழுதப்படவில்லை. திருமணமான மகளும் பொறுப்பு என்று 1987-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். தன் வருமானத்தாலும் சொத்தாலும் வாழ முடியாதவர் என்று அவர்தான் காட்ட வேண்டும். பென்ஷன், வாடகை, நிலம் இருந்தால் விவரம் திரட்டுங்கள். அந்த இரண்டு மகன்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு, உங்கள் ஒருத்தி தலையில் கட்ட முடியாது. உங்கள் வருமானம், வாடகை, பிள்ளைகள் படிப்பு, அம்மாவின் மருந்துச் செலவு எல்லாவற்றுக்கும் ரசீது எடுத்துச் செல்லுங்கள். அம்மா எந்தக் காலத்திலாவது ஜீவனாம்ச வழக்குப் போட்டிருந்தால் அந்த உத்தரவையும், அவர் கட்டாத பாக்கிக் கணக்கையும் கோப்பில் சேருங்கள். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அம்மா கையெழுத்து மட்டும் இருக்கிறதா? அதன் நகலும் வேண்டும். கைவிட்டதை நேரடித் தடையாகச் சட்டம் சொல்லாவிட்டாலும், தொகையைத் தீர்மானிக்கிறவர் ஒரு மனிதர்தான், அவர் கண்ணில் இவையெல்லாம் பட வேண்டும். சட்டத்தின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய், அது எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. விசாரணைக்கு அம்மாவைக் கூட்டிப்போங்கள், அவர் வர விரும்பினால் மட்டும்.